இடது மூலை

எங்கள் கம்பைநல்லூரில் தெரியாது என்று சொல்கிற ஆளைப் பார்ப்பது கஷ்டம். எங்கள் பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தி யாராவது தொப்பூருக்கு வழி கேட்டால் போதும், டீ குடித்துக்கொண்டிருக்கிற நாலு பேரும் நாலு வழி சொல்வார்கள். அதில் இரண்டு பேர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். நானும் அந்த ரகம்தான். கேட்டவருக்குப் பதில் இல்லாமல் அனுப்புவது எனக்குப் பன்னு இல்லை என்று சொல்லி அனுப்புவதைவிட அவமானம்.

அப்படிப்பட்ட ஊரில் அவள் ஒருத்திதான் 'தெரியலைங்க' என்பாள். சொல்கிற விதம்தான் விசேஷம். மற்றவர்களுக்கு அந்த வார்த்தையில் குரல் இறங்கும். அவளுக்கு ஏறும். கண் இரண்டும் பெரிதாகும். தொலைந்த கம்மல் கிடைத்துவிட்ட மாதிரி ஒரு முகம் காட்டுவாள். கேட்டவர் குழம்பிப்போய் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

பெயரை எழுதவில்லை. எழுதினால் போன் பண்ணி, "அதெல்லாம் எதுக்குக்கா" என்று ஒரு மணி நேரம் பேசுவாள். எனக்கு அடுப்பு வேலை இருக்கிறது.

அவள் எங்களிடம் வந்து சேர்ந்தது கரண்டுக்காகவும் நெட்டுக்காகவும். பக்கத்துக் கிராமத்துப் பெண். வடக்கே எங்கோ ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். ஆறாவது வருடம். அவள் அப்பா மோட்டார் ரூம் படியில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டார். ஒரே மகள் என்பதால் ஊரிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவர்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். எங்கள் கடையிலோ கண்காணிப்புக் கேமராவுக்காகப் போட்ட ஃபைபர் லைன் இருந்தது. ஃப்ரீசருக்காக வாங்கிய பெரிய இன்வெர்ட்டரும் இருந்தது. ஒரு நாள் காலையில் லேப்டாப் பையோடு வந்து நின்றாள்.

"அக்கா, உங்க கடையில ஒரு ஓரமா ஒக்காந்துக்கலாமா? எவ்வளவு நாளுன்னு கேக்காதீங்க, தெரியலைங்க."

நான் ஒரு தேங்காய் பன்னை எடுத்து நீட்டினேன். யோசிக்காமல் இடது கையால் நீட்டிவிட்டேன். நான் இடது கைக்காரி. இடது கையால் பொட்டலம் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். சிலர் வாங்காமலே நிற்பார்கள். அதனால்தான் கல்யாணமான புதிதிலேயே கல்லாவுக்கு வீட்டுக்காரர், அடுப்புக்கு நான் என்று பிரித்துக்கொண்டோம். அடுப்பு என் கையைப் பார்த்து முகம் சுளிக்காது. அவள் என்னடாவென்றால் எந்தக் கை என்றே கவனிக்காத மாதிரி வாங்கி, அங்கேயே நின்று பாதியைத் தின்றுவிட்டாள். எனக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போனது.

மைதா மூட்டை அடுக்குகிற ரூமில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தோம். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நாளெல்லாம் தட்டிக்கொண்டிருப்பாள். எழும்போது தலையெல்லாம் மாவாக இருக்கும். அந்த ரூம் கதவின் உள்பக்கம்தான் அவளுக்குக் கரும்பலகை. சாக்பீஸால் என்னென்னவோ எழுதுவாள். ஒரு விஷயம் முடிந்ததும் அந்த வரியைத் தாவணி மாதிரி நீளமான துப்பட்டாவால் துடைத்துவிடுவாள். துப்பட்டா எந்த நிறமாக இருந்தாலும் சாயங்காலம் வெள்ளைதான்.

அவள் வேலை என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

"தங்கத்துல ஒரு குட்டி டப்பாக்கா. சுண்டுவிரல் நுனி அளவுதான். ரெண்டு பக்கமும் ஓட்டை. நடுவுல கடுகாட்டம் ஒரு உருண்டை. அந்த உருண்டை மேல நேரா லேசர் அடிக்காம, ஓட்ட வழியா உள்சுவத்துல அடிப்பாங்க. தங்கம் கொதிச்சு எக்ஸ்ரே விடும். அந்த எக்ஸ்ரே எல்லாப் பக்கமும் சமமா உருண்டைய அமுக்கும். சரியா அமுங்குச்சுன்னா உள்ள இருக்கற அணுவெல்லாம் ஒண்ணு சேந்து சூடு விடும். சூரியனுக்குள்ள நடக்குதே, அது."

"அட, இது எங்க அடுப்புடி" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்களுடையது செங்கல் அடுப்பு. உள்ளே விறகை எரித்து, எரிந்து முடிந்ததும் தணலை முழுக்க வாரி வெளியே இழுத்துவிடுவோம். அதற்கப்புறம்தான் பன்னுத் தட்டு உள்ளே போகும். பன்னை வேகவைப்பது தீ இல்லை. தீயை வாங்கி வைத்திருக்கிற சுவர்தான். நேராகத் தீயில் காட்டினால் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் மாவு. இதைச் சொன்னதும் அவள் எழுந்து ஓடி அடுப்பு வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தாள். ஆறு வருடமாக இதைத்தான் படிக்கிறாள், ஒரு பேக்கரி அடுப்பைக் கிட்டப் பார்த்ததில்லை.

"அதேதான்க்கா. உள்ள போற லேசர்ல கொஞ்சம் திரும்பி வெளிய வந்துரும். கொஞ்சத்தச் சுவரே தின்னுரும். மிச்சம் எவ்வளவு எக்ஸ்ரேயா மாறுதுன்னு கணக்குல முன்கூட்டியே சொல்லணும். அவ்வளவுதான் என் வேலை."

"சொல்லிட்டியா?"

"சொன்னேன். தப்பா வருது" என்றாள், பெருமையாக.

வெளிநாட்டில் இதைச் செய்து பார்த்தவர்கள் எக்ஸ்ரேயை அளந்து வைத்திருக்கிறார்களாம். அவள் கணக்கு எப்போதும் அதைவிடக் கூடுதலாகவே சொன்னது. கம்ப்யூட்டரில் இரண்டு கோடு காட்டினாள். ஒன்று அவர்கள் அளந்தது, இன்னொன்று அவள் போட்டது. இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன, ஆனால் தொட்டுக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி ஒரே தெருவில் தள்ளித் தள்ளி நடக்கிற மாதிரி இருந்தது.

இதற்கு ஒரு வழி உண்டு என்றும் அவளே சொன்னாள். உள்ளே விடுகிற லேசரையே கணக்கில் கொஞ்சம் குறைத்துக் காட்டும் ஓர் எண்ணைப் போட்டுப் பெருக்கினால் போதும், கோடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ரொம்பப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். அவளுடைய கைடும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"போடலாம். அந்த எண்ணு எங்கருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா, ஒட்ட வைக்கறதுக்காக வந்துச்சுன்னுதான் சொல்லணும்."

அவளிடம் அடுப்பைக் காட்டியதில் எனக்கு ஒரு தலைவலி சேர்ந்தது. எங்கள் அடுப்பில் உள்ளே இடது மூலை கொஞ்சம் முரடு. அங்கே வைக்கிற பன்னு கருகும். பதினோரு வருடமாக அந்த மூலைக்கு ஒரு தகரம் வைத்திருக்கிறேன். பழைய எண்ணெய் டின்னை வெட்டி மடித்தது. அதை மறைப்பாக வைத்துவிட்டால் பன்னு ஒழுங்காக வேகும். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எதனாலக்கா அங்க மட்டும் கருகுது?"

"ஜன்னல் காத்துதான்."

மறுநாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவரிடம் நான் புளிய விறகுதான் காரணம் என்று என்றோ சொல்லியிருக்கிறேன். எங்கள் மாமியார் அடிக்கடி சொல்வது கொத்தனார் சரியில்லை என்பது. அதையும் அவருக்குச் சொன்னது நான்தான்.

"மூணும் நீங்க சொன்னதுக்கா. இதுல எது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பன்னு வேகுதா இல்லையா, அதைப் பார் என்றேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் நான் தீ மூட்டுகிற நேரத்துக்கு வந்து, பிரெட் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாள் ஜன்னலைச் சாக்கால் அடைத்தாள். மூலை கருகியது. கதவில் 'காற்று இல்லை' என்று எழுதினாள். ஒரு நாள் புளிய விறகுக்குப் பதிலாக வேலிக்கருவை வாங்கி வரச் செய்தாள். கருகியது. 'விறகு இல்லை.' கொரோனா காலத்தில் வாசலில் நெற்றிக்குக் காட்டிக்கொண்டிருந்தோமே, அந்தத் துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் பரணில் கிடந்தது. அதை எடுத்து அடுப்பின் வெளிச்சுவரெல்லாம் காட்டி, அடுப்புக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். அதற்கும் ஒன்றும் சிக்கவில்லை. ஒவ்வொரு முறையும், "இதுவும் இல்லக்கா" என்று கைதட்டாத குறையாக வந்து சொல்வாள்.

ஒரு நாள் மட்டும் ஒன்றும் அளக்காமல் கன்னத்தில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன ஒரு நாள் தீ போடச் சொல்லலாமாக்கா?"

"அவரு போட்டா பன்னு வேகாது, கடைதான் வேகும். என்னடி, எதாவது கண்டுபிடிச்சிட்டியா?"

"ஒரு சந்தேகம். சொல்ற அளவுக்கு இல்ல."

அதற்கு மேல் அவளைக் கிண்டினாலும் வராது. இத்தனைக்கும் அவள் வாழ்க்கையில் ஒரு மாப்பிள்ளை வீடு இந்தச் சுபாவத்தால் போயிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், "படிப்பு எப்பம்மா முடியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் முகமெல்லாம் மலர, "தெரியலைங்க" என்றிருக்கிறாள். அவள் அம்மா தொடையைக் கிள்ளியிருக்கிறார். கிள்ளியதும் கொஞ்சம் யோசித்து, "உண்மையாவே தெரியலைங்க" என்று சேர்த்துக்கொண்டாளாம். அவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்தான். இதை எங்களிடம் சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் படிப்பு முடிகிற நாள் அவள் கையில் இல்லை. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. அந்த மாதக் கடைசிக்குள் தீசிஸ் போகாவிட்டால் பதிவே ரத்து, ஆறு வருடமும் போச்சு என்று கடிதம் வந்துவிட்டது. கைடு போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அவர் இங்கிலீஷில் ரொம்ப நேரம் பேசினார், திட்டவில்லை, கெஞ்சினார். அந்த எண்ணைப் போடு, கோட்டை ஒட்ட வை, அனுப்பு, என்னை நம்பு. எனக்கே புரிந்தது. அவள், "யோசிக்கறேன் சார்" என்று வைத்துவிட்டாள்.

அவள் அப்பா வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்த நேரம். அம்மா ஒற்றை ஆளாக மாட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை மாவோடு போய் அவள் எதிரில் நின்றேன்.

"இங்க பாரு. நான் பதினோரு வருசமா தகரம் வைக்கறேன். எதனால கருகுதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா பன்னு வித்துட்டுதான் இருக்கு. நீயும் ஒரு தகரத்த வச்சிட்டுப் போயேன். குடி முழுகிடாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயிலிருந்து தெரியாது என்று வந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்துவிட்டாள், சிரித்தாள்.

"நீங்க பொம்மிடியில ரெண்டாவது கடை போடப்போறீங்கல்ல?"

"ஆமா. வர்ற தையில."

"அங்க புது அடுப்பு. தகரத்த எந்த மூலையில வைப்பீங்க?"

நான் வாயைத் திறந்தேன். இடது மூலை என்று சொல்லத்தான் திறந்தேன். சொல்ல முடியவில்லை. அதே கொத்தனாராக இருந்தால் ஒரு பதில், விறகாக இருந்தால் ஒரு பதில். பதினோரு வருட அனுபவத்தில் அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

"அதேதான்க்கா. இந்த டப்பாவுக்கு நான் போடற எண்ணு, நாளைக்கு வேற டப்பா செஞ்சா பொருந்துமான்னு தெரியாது. பொருந்தும்னு நெனச்சு செஞ்சவங்க ஏமாறுவாங்க."

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவளுக்கு ஒரு தப்பு கிடைத்தது. அவளுடைய தப்புதான். சூடேறிய தங்கம் எந்தச் சூட்டில் எவ்வளவு ஒளி விடும் என்ற அட்டவணையில் ஓரிடத்தில் அடுத்தடுத்த வரிசைகள் ரொம்பத் தூரம் தள்ளி இருந்தனவாம். நெருக்கமாகப் போட்டுத் திரும்ப ஓடவிட்டதும் கோடு இரண்டும் கொஞ்சம் கிட்ட வந்தன. என் அடுப்பைப் பார்த்துத்தான் அது தோன்றியிருக்கும் என்று நான் ஆசையோடு கேட்டேன். "இல்லக்கா. ஒவ்வொரு வரியா படிச்சேன், கெடச்சிது" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மிச்ச இடைவெளி அப்படியே நின்றது. அவள் எண்ணைப் போடவில்லை. ஒட்டாத கோடு இரண்டையும் அப்படியே வரைந்து, இன்ன இன்ன காரணமெல்லாம் இல்லை என்று நான் சோதித்துவிட்டேன், மிச்சத்துக்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை என்று எழுதி, கடைசி நாள் மத்தியானம் எங்கள் நெட்டில்தான் அனுப்பினாள். கைடு கையெழுத்துப் போட்டுவிட்டு, "கடவுள் காப்பாத்தட்டும்" என்றாராம். அனுப்புவதற்கு முன் மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். பயமே இல்லாத பெண் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு சில மாதம் கழித்து, வீடியோவில். இதற்கும் எங்கள் மூட்டை ரூம்தான் வேண்டும் என்று வந்தாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள், பின்னால் மைதா மூட்டை தெரியாமல் நான் ஒரு போர்வையைக் கட்டிவிட்டேன். நானும் வீட்டுக்காரரும் கல்லாவை விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியில் நின்று ஒட்டுக் கேட்டோம். இரண்டு மணி நேரம். பாதிக்கு மேல் ஒன்றும் புரியவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கனத்த குரலில் என்னவோ கேட்டார். பிறகு அவள், "ஐ டோன்ட் நோ சார்" என்றாள். குரல் ஏறியது.

"போச்சு" என்றார் வீட்டுக்காரர். அப்புறம் அந்தக் கனத்த குரல் சிரித்தது. மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று பிறகு அவள் சொன்னாள். "எங்களுக்கும் தெரியாது. ஆனா அத இவ்வளவு சுத்தமா எழுதி நான் படிச்சதில்ல" என்றாராம். கதவைத் திறந்துகொண்டு டாக்டராக வெளியே வந்தாள். முதுகெல்லாம் மாவு. நான் கட்டிப்பிடித்து அழுதேன், எதற்கு அழுதேன் என்று கேட்டால் அதற்கு மட்டும் எனக்குச் சரியான பதில் தெரியும், சந்தோஷம்.

கடற்கரை ஊர் ஒன்றில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அந்த ரூமில் பழையபடி மூட்டை அடுக்கினோம். உள்பக்கம் திறக்கிற கதவு அது. திறந்து சுவரோடு சாத்தி, முன்னால் மூட்டையும் வைத்துவிட்டதால் கதவின் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

தை பிறந்தது. பொம்மிடியில் அதே கொத்தனாரை வைத்து அதே அளவில் அடுப்பு கட்டினோம். அங்கே அடுப்பை வீட்டுக்காரர் பார்ப்பது, கல்லாவுக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் நாள் அவர் தீ போட, நான் பக்கத்தில் நின்று அதட்டிக்கொண்டிருந்தேன். தணலை வாரிய பிறகு பார்த்தால், மனிதர் பழைய கடையிலிருந்து ஒரு தகரம் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார். இடது மூலையில் வைத்தார். எனக்கும் தடுக்கத் தோன்றவில்லை. தட்டை வெளியே இழுத்தோம். தகரத்துக்குப் பின்னால் இருந்ததெல்லாம் வெள்ளை மாவாக நிற்கிறது. வலது மூலை கரி.

உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"வலது மூலையாக்கா? தீ போட்டது யாரு?"

"உங்க அண்ணன்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"நம்ம பழைய கடைக்குப் போயி, மூட்ட ரூம் கதவச் சாத்திப் பாருங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். மூட்டைகளை நகர்த்திக் கதவைச் சாத்தினேன். எல்லாம் துடைத்திருந்தது. கீழே, அவள் கிரேட்டில் உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில், மூன்று வரி மட்டும் இருந்தது.

'புது அடுப்பு. அண்ணன் தீ போட்டால் வலது மூலை கருகும். அக்கா போட்டால் இடது மூலை. இரண்டும் நடக்காவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.'

நான் அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கொத்தனார் இல்லை, காற்று இல்லை, விறகு இல்லை. என் கை. இடது கையால் விறகைத் தள்ளுகிறேன், அது இடது பக்கமே போய்ச் சேர்கிறது. தணல் அங்கே கூடுதல், சுவருக்கு அங்கே சூடு கூடுதல். பதினோரு வருடமாகக் கல்லாப் பக்கம் காட்டாமல் மறைத்துக்கொண்டிருந்த கையை அடுப்புக்குள் யாரும் பார்க்கவில்லை என்று இருந்தேன். திரும்பப் போன் போட்டேன்.

"இத அன்னிக்கே சொல்லித் தொலச்சிருந்தா என்னடி?"

"அன்னிக்குத் தெரியாதுக்கா. இன்னிக்குத்தான் தெரியும். அதுவும் பாதிதான். நாளைக்கு அங்க நீங்க போடுங்க."

மறுநாள் பொம்மிடியில் நான் தீ போட்டேன், இடது கையால். தகரத்தை வைக்க வந்தவரை ஓரமாக நிற்கச் சொன்னேன். தட்டு வெளியே வந்தபோது இடது மூலையில் ஆறு பன்னு கரிக்கட்டையாக இருந்தது. கருகின பன்னைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. நான் ஒன்றைப் பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, கல்லாப் பெண் பயந்துகொண்டே கேட்டாள்.

"ஏக்கா, இப்படிக் கருகியிருக்கு, எதனாலக்கா?"

எனக்குத் தெரியும் என்றேன்.